நாக்பூரிலிருந்து வந்த பதில்

ஜோகுபாளையம்,
பெங்களூர்,
23–12–1958, செவ்வாய் சாயங்காலம்.

அன்பு மகள் சரசுவுக்கு அம்மா எழுதுவது. சோமேஸ்வரர் புண்ணியத்தில் நான் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறேன், அத்திபெலேயில் உன் மாமாவும் அத்தையும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியம் என்று நம்புகிறேன், என்றுதான் எப்போதும் அடுத்த வரி எழுதுவேன். இன்றைக்கு அந்த வரியை எழுதப் பேனா போகவில்லை, ஆகையால் கேட்டே ஆரம்பிக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய் சரசு. இந்தக் கடிதம் கீழ்வீட்டு டாக்டரம்மா கையால் வருகிறதே என்று பதறாதே, வேண்டுமென்றேதான் அவர்கள் பெயருக்குப் போட்டேன். நல்ல மனுஷி என்று நாக்பூர் போன புதிதில் நீயே எழுதியிருந்தாய், சப்பாத்திக்கு மாவு பிசையச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தங்கள் வீட்டு டெலிபோன் நம்பரை அம்மாவுக்கு எழுதச் சொன்னார்கள் என்று. அந்த நம்பிக்கையில் மேல் உறையில் அவர்கள் பெயர் எழுதி, உள்ளே உனக்குத் தனியாக ஓர் உறை வைத்து, உன் கையில் மட்டும் கொடுக்கும்படி இங்கிலீஷில் நாலு வரி எழுதிச் சேர்த்திருக்கிறேன். தலைதீபாவளிக்கு வந்துபோன பிறகு பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று ஒரு கார்டு வந்தது, அதுவும் மாப்பிள்ளை கையெழுத்து. அதற்கப்புறம் நான் எழுதின எதற்கும் பதில் இல்லை. பக்கத்துவீட்டுப் பூனை குட்டி போட்டால்கூட எனக்கு எழுதுகிறவள் நீ, நீ வாயை மூடிக்கொண்டால் நான் என்னவென்று நினைப்பது. நான் எழுதுவது உன் கைக்கு வருகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை.

இன்றைக்கு மற்ற நாளைப் போல ஒரு வேலைநாள்தான். விடியற்காலையில் ஏரி இருக்கிற பக்கமே தெரியாதபடி பனி, எதிர்வீட்டு லட்சுமம்மா வாசலில் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டே, ஸ்வல்ப காப்பி குடிச்சிட்டுப் போங்களேன், வெறும் வயித்தோட ஓடறீங்களே என்று திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டே ஓடிப் பஸ்ஸைப் பிடித்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதுக்கு மாட்டிக்கொள்கிற ஹெட்செட் ஐஸ் மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் கையில் பிடித்துச் சூடு பண்ணித்தான் மாட்டினேன். கிறிஸ்மஸ் லீவு விடுவதற்கு முந்தின நாட்களில் வெளியூர் டிரங்க் கால் குவியும், உனக்குத்தான் தெரியுமே, சின்ன வயதில் அந்த நாட்களில் நான் வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டிப்போய் ஜாடையில் பேசுவேன், நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய். கூர்க் எஸ்டேட்டிலிருந்து ஒரு துரை, ஹாஸ்டலில் இருக்கிற பையன் ரயில் ஏறினானா என்று கேட்கிறார். செகந்திராபாத்திலிருந்து ஒரு சிப்பாய், லீவு கிடைக்கவில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்ல வந்தவன், சொல்லாமலே மூன்று நிமிடத்தையும் கழித்துவிட்டான். லைனைக் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும், மூன்று நிமிடம் ஆனதும் ஆகிவிட்டது என்று சொல்ல மட்டும் உள்ளே வர வேண்டும், என்ன பேசினார்கள் என்பது நமக்கு வேண்டாத விஷயம் என்பது எங்கள் சட்டம். அதெல்லாம் சட்டம்தான், ஆனால் யாராவது அழுதால் அது எப்படியோ காதில் விழுந்துவிடுகிறது.

சுவரெல்லாம் கலர்க் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் முன்போல் கலகலப்பு இல்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்கள் ஒவ்வொருத்தியாக லண்டன், ஆஸ்திரேலியா என்று கப்பல் ஏறிவிட்டார்கள், பாதி நாற்காலியில் புது முகம். நம் மௌரீனும் பிப்ரவரியில் பெர்த்துக்குப் போகிறாள், அக்காளோடு இருக்கப் போகிறாளாம். உன் அப்பா காலமான வருஷம் இந்த வேலையில் நான் சேர்ந்தபோது பயத்தில் யார் பேசினாலும் எஸ் சார் எஸ் சார் என்பேன், பொம்பளையா இருந்தா மேடம்னு சொல்லு மேன் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். கல்யாணமான பெண்களை இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள், கட்டாதவள் வேண்டும், இல்லாவிட்டால் தாலி இழந்தவள் வேண்டும். நீ ஒரு தினுசு, நான் ஒரு தினுசு என்று அவள் சிரிப்பாள். எங்கள் போர்டில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் எழுதி வைத்ததில்லை. தீபாவளி டூட்டியை ஆங்கிலோ இந்தியப் பெண்கள் செய்வார்கள், கிறிஸ்மஸ் டூட்டியை நாங்கள் செய்வோம். எனக்கு ஜோடி மௌரீன். இந்தத் தீபாவளிக்கு உனக்குத் தலைதீபாவளி என்று தெரிந்ததும், பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றாங்க இல்ல, ஒரு நாள் என்ன, மூணு நாளும் நானே பாக்கறேன் என்றாள், பார்த்தாள். ஆகையால் இந்தக் கிறிஸ்மஸுக்கு வியாழன் முதல் நியூ இயர் வரைக்கும் போர்டில் என் பெயர், அதிலும் இது அவளுக்கு இந்த ஊரில் கடைசிக் கிறிஸ்மஸ், அதனால் நான் மனசாரத்தான் ஒத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளியைத்தான் சரசு நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை ஆதிகேசவன் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை, அத்தை அத்தை என்றுதான் பேசினார், வேட்டி நன்றாக இருக்கிறது என்றார், உன் மாமாவோடு கடைத்தெரு வரை போய் வந்தார். ஆனால் நான் சமையலறையிலிருந்து காப்பி வேண்டுமா சரசு என்று கேட்டால் நீ அவர் முகத்தைப் பார்த்தாய். அவர் லேசாகத் தலையசைத்த பிறகு வேண்டும் என்றாய். காப்பிக்கு உயிரை விடுகிறவள் நீ, பரீட்சை நாளில்கூடக் கையில் டம்ளரோடு படித்தவள். லட்சுமம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் வாடி என்றேன், அதற்கும் அவரைப் பார்த்தாய், அவர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை, நீ தலை வலிக்கிறது என்றாய். புதுசில் எல்லாப் பெண்ணுக்கும் இருக்கிற கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ரயில் கிளம்பும்போது ஜன்னல் கம்பியோடு என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாயே, வண்டி நகர்ந்தும் விடவில்லை, நான்தான் கையை உருவிக்கொண்டேன். அது என் கையில் இன்னும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் கோவிந்தப்பா மாமா அத்திபெலேயிலிருந்து ஒரு கோணிப்பை அவரைக்காய் கொண்டுவந்தார், மௌரீன் கொடுத்த பிளம் கேக்கில் பிராந்தி இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன், கடிதம் இல்லையே அண்ணா, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்களா என்று கேட்டேன். கட்டிக் குடுத்தாச்சு தனக்கோடி, இனிமே அது அவங்க வீட்டுப் பொண்ணு, காரணமில்லாம சும்சும்னே போய் நின்னா நாளைக்கு அதுக்குத்தான் கஷ்டம் என்றார். அவர் பார்த்து முடித்த இடம், அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது, அதனால்தான் கோபமாகப் பேசுகிறார் என்று தெரிந்தது. அவரோடு வாதாடத் தெம்பில்லை, அவரைக்காயை உரித்துப் பருப்பைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இனி இன்று நடந்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி. கிறிஸ்மஸ் நெருங்கினால் லைன் சும்மா இருக்கிற நேரம் பார்த்து ஆபரேட்டர்கள் ஊருக்கு ஊர் வாழ்த்துச் சொல்லிக்கொள்வது உண்டு. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை, பெயரும் தெரியாது, ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம், ஹலோ மெட்ராஸ், ஹலோ பம்பாய் என்று. இன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் பம்பாய் வழியாக நாக்பூருக்கு ஒரு கால் போட்டேன், பேசி முடித்து அவர்கள் வைத்த பிறகு நாக்பூர்க்காரி, ஹாப்பி கிறிஸ்மஸ் பெங்களூர் என்றாள். கட்டைக் குரல், என் வயதுதான் இருக்கும். நான் பதிலுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு அதோடு பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். சொந்த விஷயம் பேசக்கூடாது என்று எத்தனையோ புதுப் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வாய் கேட்கவில்லை, நாக்பூர், உங்கள் ஊரில் என் மகள் இருக்கிறாள், கீழ்வீட்டு டாக்டரம்மாவின் லோக்கல் நம்பர் தருகிறேன், மாடியில் இருக்கிற சரசு சுகமாக இருக்கிறாளா என்று அவள் அம்மா கேட்கிறாள், இதை மட்டும் கேட்டுச் சொல்வாயா என்றேன். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, நம்பரைச் சொல்லு பெங்களூர் என்றாள். திரும்ப அவள் கூப்பிடுகிறவரை நான் யார் யாருக்கு என்ன லைன் கொடுத்தேன் என்று நினைவில்லை, மைசூர் கேட்டவருக்கு மங்களூர் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

கூப்பிட்டாள். செய்தி சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குப் பழக்கம், அவளும் அப்படித்தான் சொன்னாள். நான் சுகமாக இருக்கிறேன், அம்மாவை இங்கே வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் மெசேஜ் என்றாள். நான் தாங்க்யூ நாக்பூர் என்றேன். அவள் உடனே லைனை விடவில்லை. இது மெசேஜில் இல்லை, நானாகச் சொல்கிறேன், இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல உன் பெண்ணுக்கு வெகு நேரம் பிடித்தது பெங்களூர் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சரசு, நான் வருகிறேன் என்று யார் சொன்னது. நான் மாமாவிடம் சொல்லவில்லை, மௌரீனிடம் சொல்லவில்லை, சாமி படத்துக்கு முன்னால்கூடச் சொன்னதில்லை. வரவேண்டும் என்ற எண்ணமே அதுவரை எனக்கு இல்லை. நீ சுகமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டனுப்பினேன், கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறாய். அம்மா வருவாளோ, வந்தால் என்ன ஆகுமோ என்று நீ ராப்பகலாக நினைத்துக்கொண்டிருக்காவிட்டால் அந்த வார்த்தை உன் வாயில் அப்படி வந்திருக்காது. அந்த நேரம் மாப்பிள்ளை ஆபீசில்தான் இருந்திருப்பார். அவர் பக்கத்தில் இல்லாதபோதும் உனக்கு அந்தப் பயம் இருக்கிறது என்றால் அதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது. அடிக்கிறாரா, பட்டினி போடுகிறாரா, பேச்சால் கொல்கிறாரா, ஒன்றும் தெரியாது. ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம், நான் கண்டதையும் கற்பனை செய்கிற கிழவியாக இருக்கலாம், அப்படியே இருக்கட்டும் என்றுதான் எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் இனிமேல் இங்கே உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

சாப்பாட்டு நேரத்தில் மௌரீன் என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து, பிதுக்குப் பருப்பு கொழம்பை வெச்சிக்கிட்டு அழறியே, யாராவது கேட்டா என்ன நெனப்பாங்க மேன் என்றாள். சொன்னேன். அவள் எழுந்துபோய் சூப்பர்வைசர் பவுலின் அம்மாளின் மேஜையில் இருந்த டூட்டி சார்ட்டை எடுத்து, வியாழக்கிழமை முதல் என் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டுத் தன் பெயரை எழுதினாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன், தீபாவளியும் நீ, கிறிஸ்மஸும் நீயா, அதுவும் இந்தக் கிறிஸ்மஸா, வேண்டாம் என்றேன். பவுலின் அம்மாள் உனக்குத் தெரியும், ஸ்வெட்டர் பட்டன் கழன்றிருந்தால்கூட விடமாட்டாள், அவளே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மௌரீன், இது உனக்கு இங்கே கடைசி என்று மெதுவாகச் சொன்னாள். ராத்திரி சர்ச்சுக்குப் போயிட்டு வந்து காலையில போர்ட்ல உக்காந்துக்கறேன், மத்த வருஷம் எல்லாம் என்ன செஞ்சேன், வந்தவங்க தின்ன பிளேட்டைக் கழுவினேன், எனக்கு அதுக்கு என்ன ஆசையா, நீ போ தனா, பொண்ணைப் பாரு என்றாள் மௌரீன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதன் பிறகு கை கழுவப் போனவள் வர நேரமாயிற்று, வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அவள் அம்மாவின் கல்லறை இங்கே இருக்கிறது, கிறிஸ்மஸ் காலையில் பூ வைக்காமல் அவள் இருந்ததில்லை. எனக்குத் தெரியும், தெரிந்தும் வெட்கத்தை விட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பூவை நாளைக்கு டூட்டி முடிந்ததும் அவளோடு போய் நானும் வைத்துவிட்டு வருவேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆகையால் வருகிறேன். வியாழன் ராத்திரி மெயிலில் மெட்ராஸ், அங்கிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் லேடீஸ் பெட்டி, சனிக்கிழமை பொழுது சாயும்போது நாக்பூரில் இருப்பேன். இந்தக் கடிதத்தை இப்போதே கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் தபாலில் போடுகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும், அது வராவிட்டாலும் நான் வந்துவிடுவேன். மாமாவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன், அவருக்கு அது கிடைக்கும்போது நான் ரயிலில் இருப்பேன், கத்தட்டும். நீ அதுவரை ஒன்றும் செய்யாதே. மாப்பிள்ளையிடம் இந்தப் பேச்சை எடுக்காதே, துணிமணியை எடுத்துக் கட்டிவைக்காதே, முகத்தை எப்போதும்போல் வைத்துக்கொள். பள்ளிக்கூட சர்டிபிகேட் மட்டும் எங்கே இருக்கிறது என்று பார்த்து வை. நேரத்துக்குச் சாப்பிடு, இங்கே தீபாவளிக்கு வந்தபோதே கழுத்தெலும்பு தெரிந்தது. ஏதாவது தாங்க முடியாமல் போனால் வெள்ளிக்கிழமையானாலும் சரி, ராத்திரியானாலும் சரி, கீழே இறங்கி டாக்டரம்மா கதவைத் தட்டு, யார் என்ன நினைப்பார்கள் என்று படியில் நிற்காதே. நான் வந்து சண்டை போட மாட்டேன், மாப்பிள்ளையிடம் மரியாதையாகத்தான் பேசுவேன், கிறிஸ்மஸுக்கு லீவு விட்டார்கள், பெண்ணைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, வந்தேன் என்பேன். அதற்குமேல் எதுவானாலும் நீ சொல்கிறபடிதான். வா என்று கையைப் பிடித்து இழுக்க மாட்டேன், பொறுத்துக்கொண்டு இரு என்று சொல்லிவிட்டுத் தனியாக ரயில் ஏறவும் மாட்டேன். உன் கட்டில் இங்கே போட்டபடியேதான் கிடக்கிறது, அதன்மேல் காய்ந்த துணியைப் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துவிட்டால் ஆயிற்று. வேலைக்கு உன்னை எக்ஸ்சேஞ்சில் சேர்க்க முடியாது, நீ எங்கள் இரண்டு தினுசிலும் சேர்த்தி இல்லை, வேறே எங்கேயாவது பார்க்கலாம், அதெல்லாம் பிற்பாடு.

விளக்கு வைத்தாயிற்று, குளிரில் விரல் மடங்கவில்லை, எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான், அழுதுகொண்டு எழுதினேன் என்று நினைக்காதே, கொஞ்சம்தான் அழுதேன். சோமேஸ்வரர் உன் கூடவே இருந்து உன்னைக் காப்பாற்றட்டும், உன் அப்பா எங்கே இருந்தாலும் உன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டிருக்கட்டும். மறக்காமல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், அங்கே இங்கத்துக் குளிரைவிட மோசம் என்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் டாக்டரம்மா வீட்டு அடுப்பிலேயே போட்டுவிடு. பிதுக்குப் பருப்பும் புதுசாக அரைத்த காப்பித்தூளும் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை வந்து, கைகால் கழுவி, நானே உன் அடுப்பில் பால் காய்ச்சி, காப்பி வேண்டுமா சரசு என்று கேட்பேன். அப்போது பக்கத்தில் யார் நின்றாலும் சரி, நீ என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லு.

உன் அம்மா,
தனக்கோடி.